வேண்டாம் என்று ஒதுக்கிய வளைவு



என் பேத்தி இன்ஜினியரிங் கடைசி வருஷம். போன வாரம் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தாள். "நாலு மாற்று வடிவமைப்பு காட்டணும் தாத்தா. எங்க டீம் ஒண்ணை ஏற்கெனவே முடிவு பண்ணிட்டோம். மத்த மூணையும் சும்மா ஒப்புக்கு எழுதிடுவோம்" என்றாள். சிரித்துவிட்டேன். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்கு இது புதிதா என்ன? விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு நிரப்பும் பிள்ளைகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்!

அன்று அவளுக்குச் சொன்ன கதை இது. பிரிட்டானியா பாலத்தின் கதை.

வேல்ஸ் நாட்டுக் கரைக்கும் ஆங்கிலசி தீவுக்கும் நடுவில் மெனாய் என்று ஒரு ஜலசந்தி. லண்டனிலிருந்து டப்ளின் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் ஹோலிஹெட் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். சாலைக்கு டெல்ஃபோர்டு 1826-லேயே தொங்கு பாலம் கட்டிவிட்டார். 1840-களில் ரயில் வந்தது. பொறுப்பு ராபர்ட் ஸ்டீபன்சனிடம். ரயில் என்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன்.

முதலில் வந்த யோசனை, டெல்ஃபோர்டு பாலத்தின் மேலேயே பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்துவிடலாம் என்பது. செலவு குறைவுதான். ஆனால் ஒவ்வொரு ரயிலையும் நிறுத்தி, என்ஜினைக் கழற்றி... சரிப்படவில்லை. தனியாக ஒரு தொங்கு பாலம் கட்டலாமா? ஸ்டாக்டனில் 1830-ல் ரயிலுக்காகத் தொங்கு பாலம் கட்டிப் பார்த்திருந்தார்கள். ரயில் ஏறியதும் தளம் அலை போல நெளிந்தது. அதுவும் போயிற்று.

ஸ்டீபன்சனுக்குப் பிடித்தது மூன்றாவது. ஜலசந்தியின் நடுவிலுள்ள பிரிட்டானியா பாறையில் ஒரு தூண் எழுப்பி, இரு பக்கமும் வார்ப்பிரும்பு வளைவுகள். கடற்படை ஒப்புக்கொள்ளவில்லை. வளைவு என்றால் நடுவில்தான் உயரம், ஓரங்களில் தாழ்ந்துவிடும். பாய்மரக் கப்பல்களுக்கு அகலம் முழுவதும் சுமார் 100 அடி உயரம் வேண்டும், கட்டும்போது நீர்வழியில் சாரமும் கூடாது என்றார்கள்.

வேறு வழியில்லாமல் பிறந்ததுதான் நான்காவது யோசனை: தேனிரும்புத் தகடுகளால் ஒரு பெரிய குழாய், அதற்குள்ளே ரயில்! நடு இடைவெளிகள் ஒவ்வொன்றும் 460 அடி. அப்படி ஒன்றை அதுவரை யாரும் கட்டியதில்லை.

குழாய் என்றால் எந்த வடிவம்? இங்கேதான் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. 1845-ல் வில்லியம் ஃபேர்பேர்ன் தன் கப்பல் பட்டறையில் வட்டம், நீள்வட்டம், செவ்வகம் என்று மூன்றையும் செய்து, உடையும்வரை எடை ஏற்றிப் பார்த்தார். அடிப்பக்கம் கிழியும் என்றுதானே நினைப்போம்? மேல்பக்கம்தான் முதலில் மடங்கி நசுங்கியது. ஒரு ஸ்ட்ராவை இரு விரலால் வளைத்துப் பாருங்கள், அமுங்கும் பக்கம்தான் முதலில் மடங்கும். வட்டமும் நீள்வட்டமும் அங்கேயே தோற்றன. செவ்வகம் நின்றது. மேல்பக்கத்தைச் சின்னச் சின்ன அறைகளாக்கி வலுவூட்டினார்கள். பிறகு ஆறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, உடைத்து, உடைந்த இடத்தை மட்டும் பலப்படுத்தி, மறுபடி உடைத்தார்கள். முதலில் சுமார் 35 டன்னில் விழுந்தது, கடைசியில் 86 டன் தாங்கியது.

கணித அறிஞர் ஈட்டன் ஹாட்ஜ்கின்சனுக்கு அப்போதும் சந்தேகம். குழாயைச் சங்கிலியாலும் தாங்க வேண்டும் என்றார். ஃபேர்பேர்ன், குழாயே போதும் என்றார். ஸ்டீபன்சன் அவசரப்படவில்லை. கோபுரங்களைச் சங்கிலிக்கும் சேர்த்து உயரமாக வடிவமைத்து, உச்சியில் துவாரங்களும் விட்டார்.

அவர் தயங்கியதில் எனக்கு வியப்பில்லை. 1847 மே மாதம், அதே ரயில் தடத்தில் செஸ்டர் அருகே அவர் வடிவமைத்த வார்ப்பிரும்புப் பாலம் ரயிலோடு இடிந்து ஐந்து பேர் இறந்தார்கள். 1849-ல் குழாயைத் தூக்கும்போது நீரழுத்த இயந்திரமே வெடித்தது. தூக்கத் தூக்க அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வரச் சொல்லியிருந்ததால் குழாய் சில அங்குலம்தான் இறங்கியது.

1850 மார்ச் 5-ல் பாலம் திறந்தது. சங்கிலி தேவைப்படவே இல்லை. பெருமை யாருக்கு என்று ஸ்டீபன்சனும் ஃபேர்பேர்னும் பிரிந்துபோனது தனிக்கதை. படிக்கப் படிக்க வருத்தமாக இருக்கும்.

வெற்றிதான், ஆனால் செலவு ஆறு லட்சம் பவுண்டு. 1859-ல் சால்டாஷில் புரூனல் அதே அளவு இடைவெளிகளை வேறு வடிவத்தில், மிகக் குறைந்த இரும்பில் தாண்டினார். அது ஒற்றைத் தடம், உண்மைதான். ஆனாலும் குழாய்ப் பாலங்களின் காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

1970 மே மாதம், பாலத்துக்குள் நுழைந்த சில சிறுவர்கள் கையிலிருந்த தீப்பந்தத்தைத் தவறவிட்டார்கள். மேலிருந்த தார் பூசிய மரக்கூரை பற்றியது. வெப்பத்தில் குழாய்கள் தொய்ந்துபோயின.

திரும்ப எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? ஸ்டீபன்சனின் பழைய தூண்களுக்கு நடுவே, வளைவாக! இந்த முறை எஃகு. உயரமான பாய்மரக் கப்பல்கள் போய்விட்டன, எனவே கடற்படையின் பழைய ஆட்சேபணையும் போய்விட்டது. 1972-ல் ரயில் மீண்டும் ஓடியது. 1980-ல் மேலேயே சாலையும் வந்தது. சங்கிலி நுழையாத அந்தத் துவாரங்கள் கோபுர உச்சியில் இன்னும் இருக்கின்றன.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாவது டிசைனை ஏன் விட்டோம்னே எங்க யாருக்கும் ஞாபகம் இல்லை தாத்தா" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துத் தோழிக்குப் பேசப் போனாள்.

இங்கே பொறியாளர் நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். நீங்கள் ஒதுக்கிய யோசனை பிறகு எப்போதாவது திரும்பி வந்ததுண்டா? கமெண்டில் எழுதுங்கள், அவளுக்கும் காட்டுகிறேன்.