காயல் துறையின் குதிரைகளும் அவற்றின் தீனியும்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை அடுத்திருந்த காயல், அதாவது இன்றைய பழையகாயல், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சிக்காலத்தில், ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அடையும் துறையாக விளங்கியது. கீசுத் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் தம் பங்காக மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்பினார் என்றும், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தீனார் விலையாகக் கிடைத்தது என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியக் கருவூலமே பணம் கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு மார்க்கோ போலோ சொன்ன விடை, குதிரை வைத்தியர் இல்லாமையும் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகக் கொடுத்ததும் ஆகும். வசாஃபோ வறுத்த வாற்கோதுமையையும், வெண்ணெய் கலந்த தானியத்தையும், காய்ச்சிய பசும்பாலையும் குறிப்பிடுகிறார். தீனியைப் பொறுத்தவரை இருவரும் சமையலையே குறை கூறினர். ஆனால் வசாஃப் போகிறபோக்கில் சொன்ன வேறொரு செய்தியே கூடுதல் கவனத்துக்குரியது. வாங்கிய குதிரைகளைக் கொழுக்கவைப்பதற்காக 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கட்டிவைத்து, பிறகு பழக்காமலேயே ஏறி ஓட்டினார்கள் என்பதே அது.

குதிரைக்கு மாட்டைப்போல அசைபோடும் இரைப்பை கிடையாது. அதன் இரைப்பை சிறியது, வாந்தியெடுக்கவும் இயலாது. புல்லின் நார் பெருங்குடலில்தான் நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்கிறது. அப்பெருங்குடல் இடுப்பெலும்புக்கருகே மடங்கிக் குறுகும் வளைவில், நீர் குறைந்து இறுகிய தீனி தேங்கி நின்றுவிடுவதையே குடலடைப்புச் சூலை என்பர். நடையின்றிக் கட்டிக்கிடப்பதும், தண்ணீர் போதாமையும், தீனி திடீரென மாறுவதும் இதற்கு முதன்மைக் காரணங்கள். கப்பலிலிருந்து இறங்கிய குதிரைக்கு இவற்றுள் முதலாவதும் கடைசியும் ஒருங்கே நேர்ந்தன. அக்குதிரைகள் இந்நோயால்தான் மாண்டன என்று எந்த ஏடும் சொல்லவில்லை. எனினும் அதற்கு ஏற்ற சூழலை அந்த லாயம் அமைத்துக் கொடுத்தது.

கார், பிசானம் என இரு போகம் விளையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை; ஆயின் எளிதில் செரியாத அந்த உலர்ந்த நாரை மாடு சமாளிப்பதுபோல் குதிரை சமாளிப்பதில்லை. வேகவைத்ததனாலேயே தீனி கெடுதியாகிவிடும் என்ற கருத்தும் முழுமையானதன்று. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண லாயங்களில் காணம், அதாவது கொள்ளு, வேகவைத்தே குதிரைக்கு வைக்கப்பட்டது. வேகவைத்த தானியம் ஈரம் உடையது. அதனோடு புல்லும் நடையும் கிடைத்தனவா என்பதே கேட்க வேண்டியது.

அந்த 19ஆம் நூற்றாண்டு லாயங்களில் குதிரைக்கு விருப்பமான பசும்புல் அருகு. புல்லறுப்போர் அதை வேரோடு செதுக்கி எடுத்ததால், மண்ணை உதறிக் கழுவாமல் போட்டால், மணல் பெருங்குடலில் படிந்து மற்றொரு வகை அடைப்பை உண்டாக்கும். பசுமையாக இருக்கும்போது நல்ல தீனியான இதே புல்லினத்தின் உலர்ந்த வகை, அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சிறுகுடலின் கடைப்பகுதி அடைபடுவதோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டதால், அங்கே குதிரைக்கு அதை வேறு உலர்புல்லோடு கலந்து கொடுக்குமாறு கால்நடை மருத்துவர் கூறுகின்றனர்.