ஹட்டியும் பட்டியும்: ஒரு தேடல் குறுக்குவழியின் கதை

போன முறை பிக்கட்டிக்குப் போயிருந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் தேடுறியே, நம்ம படுக பாஷைக்கு எத்தனை வயசுன்னு தேடிச் சொல்லேன்." சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது.

இந்த மாதிரி கேள்விக்கு நேரடித் தேடல் உதவாது. ஐராவதம் மகாதேவன் நல்ல முன்னோடி. 1970-ல் நேரு ஆய்வு நல்கை பெற்று, 1977-ல் சிந்துவெளி எழுத்துகளுக்கான தொடரடைவை வெளியிட்டார். ஒவ்வொரு குறியும் எங்கெல்லாம், எந்தக் குறிகளுக்கு நடுவே வருகிறது என்று கணினியால் அடுக்கிய பட்டியல் அது. படிக்கத் தெரியாத எழுத்தில் என்னத்தைத் தேடுவது? பொருளை விட்டுவிட்டு இடத்தைத் தேடலாம். வரியின் கடைசிக் குறியை வைத்து அடுக்கினால், ஜாடி வடிவக் குறி திரும்பத் திரும்ப வரி முடிவில் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஏதோ விகுதியோ என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. வரிசையை மாற்றி அடுக்கியதுதான் மொத்தத் தந்திரமும்! பின்னாளில் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையம் அந்தத் தரவை இணையத்தில் தேடும் செயலியாகவே ஆக்கிவிட்டது.

எனக்கு அந்த அளவு பொறுமை கிடையாது. கையில் இருந்தது பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984). எமனோ 1930-களில் நம் நீலகிரியிலேயே தங்கித் தொதவ, கோத்த, படுக மொழிகளைப் பதிவு செய்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அகராதி முழுவதையும் தேடலாம். ஆனால் 'ஹட்டி' (ஊர்) என்று எங்கள் உச்சரிப்பில் தேடினால், தலைச்சொல்லாக இருக்கும் தமிழ்ப் 'பட்டி' தட்டுப்படாது. அதனால் சின்னதாக ஒரு விதி எழுதினேன்: சொல்லின் முதலில் 'ஹ' வந்தால் 'ப' வைத்தும் தேடு. அவ்வளவுதான், முப்பது வரி நிரல். ஹாலு கொடுத்தால் பால், ஹெசரு கொடுத்தால் பெயர், ஹோகு கொடுத்தால் போ. (சமஸ்கிருதச் சொல் வந்தால் மானம் போகும். 'ஹரி' கேட்டால் 'பரி', அதாவது குதிரை வந்து நிற்கும்.) உறவுக்காரப் பிள்ளைகளுக்காக அதையே ஒரு வலைப்பக்கமாகப் போட்டேன்.

விஷயம் அங்கேதான் சூடு பிடித்தது. பாலுக்குக் கோத்தரிடமும் 'பால்'தான். கன்னடத்தில் பழைய 'ப' இடைக்காலத்தில் 'ஹ' ஆனது. படுகிலும் அதே 'ஹ'. அப்படியென்றால் அந்த மாற்றம் நடந்தபோது எங்கள் முன்னோர் கன்னடம் பேசியவர்களோடு தொடர்பில் இருந்திருக்க வேண்டும். மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இல்லை, நாம் இந்த மலையின் ஆதிகுடிகள் என்பது எங்களில் பலரின் உறுதியான நிலை. பழங்குடிப் பட்டியல் கோரிக்கையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. ஒரு எழுத்து மாற்றத்தை வைத்து வழக்கைத் தீர்க்க நான் தயாராக இல்லை. அண்டை மொழிப் பழக்கத்திலும் ஒலி தொற்றும். ஆனால் இந்தச் சான்றை மறைத்துவிட்டுப் பேசவும் மனம் வரவில்லை. மாமா ஒருவர் இரண்டு வாரமாகப் போன் எடுக்கவில்லை.

இன்னொரு சிக்கல் பாக்கி. நாக்கை மடித்துச் சொல்லும் உயிரொலிகள் படுகில் உண்டு என்று எமனோ 1939-லேயே கட்டுரை எழுதினார். தமிழ் எழுத்தில் அதற்குக் குறி கிடையாது. என் தேடல் பெட்டியில் இரண்டு வேறு சொற்கள் ஒன்றாகவே விழுகின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டியின் குரலைப் பதிவு செய்துவர ஒரு நல்ல மைக் வாங்கியிருக்கிறேன்.