லூப் சாதனம்: கோப்பை வட்டாக்கும் லினக்ஸ் வசதி

வன்வட்டு என்பது கெர்னலுக்கு எண்ணிட்ட செக்டர்களின் வரிசை; ஒவ்வொன்றும் வழக்கமாக 512 பைட். கோப்பும் பைட்டுகளின் வரிசைதான். அந்தப் பைட்டுகளைச் செக்டர் செக்டராக எண்ணிக் கொடுக்கும் சிறு நிரல் ஒன்று நடுவில் இருந்தால், கோப்பையே வட்டாகப் புழங்கலாம். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது லூப் சாதனம். அதற்குக் கொடுக்கப்படும் கோப்பு, வட்டுப் படிமம். பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பியை முழுதாக நகலெடுத்தால் 2,880 செக்டர்கள், அதாவது 14,74,560 பைட் கொண்ட ஒரே கோப்பு கிடைக்கும். படிமம் என்றால் அவ்வளவுதான்.

எம்ஐடியில் பணிபுரிந்த தியோடர் சோ இதை எழுதினார். மூலநிரலின் தலைப்பில் அவர் இட்ட தேதி 1993 மார்ச் 29. லினக்ஸுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பிஎஸ்டி குடும்பத்தில் விஎன்டி, சோலாரிஸில் லோஃபி என்று இதே வேலைக்கான கருவிகள் தனித்தனியே உருவாயின. ஆனால் பரவலாகப் புழங்கியது லினக்ஸின் லூப்தான்.

பயன்படுத்தும் முறை எளிது. டிடி கட்டளையால் வெறும் பூச்சியங்கள் நிறைந்த 100 எம்பி கோப்பை உருவாக்கலாம். அதன்மேல் எம்கேஎஃப்எஸ் கட்டளையைக் கொடுத்தால் உள்ளே கோப்பு முறைமை அமையும். மவுண்ட் கட்டளையோடு லூப் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அது ஓர் அடைவாகத் திறக்கும். கோப்பை லூப் சாதனத்தோடு இணைக்கும் லோசெட்டப் கட்டளையின் வேலையைத்தான் திரைக்குப் பின்னால் மவுண்ட் செய்து முடிக்கிறது. அந்த அடைவுக்கு வரும் வாசிப்பு மேலே உள்ள கோப்பு முறைமை, லூப், கீழே உள்ள கோப்பு முறைமை, அசல் வட்டு என்று நான்கு படி இறங்குகிறது.

புதியவர்கள் தடுமாறும் இடம், பிரிவுகள் உள்ள முழு வட்டின் படிமம். கோப்பின் தொடக்கத்தில் இருப்பது கோப்பு முறைமை அல்ல, பிரிவு அட்டவணை. பழைய வட்டுகளில் முதல் பிரிவு 63ஆம் செக்டரில் தொடங்கும். 63ஐ 512ஆல் பெருக்கி, 32,256 என்ற இடப்பெயர்ச்சியைக் கட்டளையில் கொடுக்க வேண்டும். புதிய வட்டுகளில் தொடக்கம் 2,048ஆம் செக்டர், கணக்கு 10,48,576. இதைக் கொடுக்க மறந்தால் கோப்பு முறைமை எது என்றே தெரியவில்லை என்று மவுண்ட் கைவிரித்துவிடும். இப்போது லோசெட்டப்பில் பெரிய பி என்ற விருப்பம் பிரிவுகளைத் தானே கண்டுபிடித்துத் தனித்தனிச் சாதனங்களாகக் காட்டுகிறது.

இந்தியாவில் படிமத்தின் அருமை தெரிந்தது தொலைபேசி இணைப்புக் காலத்தில். பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் 1995 ஆகஸ்ட் 15இல் வந்தது. நொடிக்கு 28.8 கிலோபிட் வேகத்தில் 650 எம்பி குறுவட்டுப் படிமத்தை இறக்க இரண்டு நாளுக்கு மேல் இணைப்பு அறாமல் இருக்க வேண்டும். 1996இல் பிசி குவெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுவட்டை வாசகர்களுக்கு இதழோடு கொடுத்தது இந்தச் சிக்கலுக்கு நேரான விடை. அந்த முயற்சியை முன்னெடுத்தவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். வெற்றுக் குறுவட்டை வீணாக்காமல், எழுதுவதற்கு முன்பே ஐஎஸ்ஓ எனப்படும் குறுவட்டுப் படிமத்தை லூப் வழியாகத் திறந்து சரிபார்க்க முடிந்தது அந்நாளில் பெரிய சேமிப்பு.

அடுத்த பாய்ச்சல் சுருக்கிய படிமம். ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய சிலூப், படிமத்தைத் துண்டு துண்டாகச் சுருக்கிவைத்து, கேட்கும் துண்டை மட்டும் விரித்துத் தந்தது. க்ளாஸ் நோப்பர் தம் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பில் இதைக் கையாண்டு, 700 எம்பி குறுவட்டில் ஏறத்தாழ 2 ஜிபி மென்பொருளை அடக்கினார். கணினியில் எதையும் நிறுவாமல் லினக்ஸை ஓட்டிப் பார்க்க வழி பிறந்தது. பிறகு ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பு முறைமை அந்த இடத்தைப் பிடித்து, 2009இல் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. டெபியனை அடியாகக் கொண்டு சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் ஐஎஸ்ஓ படிமமாகக் கிடைத்தது.

2008இல் உபுண்டு வூபி என்ற நிறுவியைக் கொடுத்தது. வட்டைப் பிரிக்க அஞ்சியவர்கள் விண்டோஸ் பிரிவிலேயே, லூப் வழியாகத் திறக்கும் ஒரு பெரிய கோப்பாக உபுண்டுவை வைத்துக்கொண்டார்கள். மின்சாரம் திடீரென்று போனால் வழக்கமான நிறுவலைவிட இது எளிதில் பழுதாகும். யுபிஎஸ் இல்லாத வீடுகளுக்கு அது உண்மையான ஆபத்து. 2013இன் 13.04 பதிப்போடு வூபி கைவிடப்பட்டது.

கெர்னலிலும் குறைகள் தீர்க்கப்பட்டன. நெடுங்காலம் இயல்பாக 8 லூப் சாதனங்களே இருந்தன. 2011இன் 3.1 பதிப்பு தேவைக்கேற்ப அவற்றை உருவாக்க வழி செய்தது. ஒரே தரவு படிமத்துக்கும் அடியிலுள்ள கோப்புக்குமாக நினைவகத்தில் இரண்டு முறை தங்கிய விரயத்தை, 2016 ஜனவரியில் வந்த 4.4 பதிப்பின் நேரடி வாசிப்பு வசதி தவிர்த்தது. ஒரு கோரிக்கை முடியக் காத்திராமல் அடுத்ததை அனுப்பும் முறையும் அதனுடன் வந்தது. அந்த முறையை லினக்ஸுக்குக் கொண்டுவந்த பணியைப் பற்றி 2003 ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் வெளியான கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் பெங்களூர் ஐபிஎம்மின் சுபர்ணா பட்டாச்சார்யா.

லூப் சாதனம் இன்று மிகுந்த பொறுப்போடு கையாளப்படும் இடம் கணினித் தடயவியல். கைப்பற்றிய வன்வட்டை நேரடியாகத் தொடாமல் முதலில் படிமம் எடுப்பார்கள். திருவனந்தபுரம் சி-டாக்கின் ட்ரூபேக் இதற்கான இந்தியக் கருவி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ், மின்னணுச் சான்றின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஒரு பைட் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். படிக்க மட்டும் என்று சொல்லி மவுண்ட் செய்தால் போதும் என்று நினைப்பது தவறு: இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, முறையாக மூடப்படாத வட்டைக் கண்டால் தன் ஜர்னலைச் சரிசெய்யப் படிமத்துக்குள் எழுதிவிடும். அதனால் லோசெட்டப்பிலேயே சாதனத்தை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி, மவுண்டில் நோலோட் விருப்பத்தையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் படிமத்தைத் திறக்கிறார்கள்.