குவாதலூப்பில் ஒரு சிதம்பரம்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் மும்பைவாழ் தமிழராகிய நமக்குக் கிரிக்கெட்டே முதலில் நினைவுக்கு வரும். அத்தீவுக் கூட்டத்தில் கிரிக்கெட்டுக்குப் பெயர் பெறாத ஒரு தீவும் உண்டு. குவாதலூப் என்னும் அது, அட்லாண்டிக் மாகடலுக்கு அப்பால் கிடந்தும் பிரான்சின் ஒரு மாவட்டமே ஆகும். அங்கும் செலாவணி யூரோ நாணயந்தான்.

வரைபடத்தில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் தோன்றுவது அத்தீவு. மேற்குச் சிறகில் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. 1976-இல் அது புகைந்தபோது எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் இடம் பெயர்ந்தனர். இம்மலைப் பகுதிக்குத் 'தாழ்நிலம்' என்றும், பரப்பிற் சிறிய கீழைச் சமவெளிக்குப் 'பெருநிலம்' என்றும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர்! காற்று மறைவைத் 'தாழ்வு' என வழங்கிய மாலுமிகளின் வழக்கு அது. ஆண்டு முழுதும் வெப்பம். கடற்காற்று அதனைத் தணிக்கும். டிசம்பர் முதல் மே வரை வறண்ட பருவம். அப்போதுதான் கரும்பு வெட்டு. பின்னர் மழையும், அதனோடு சூறாவளியும் வரும். 1928 செப்டம்பர்ப் புயலில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1635-இல் பிரெஞ்சியர் குடியேறிய இத்தீவில் கரும்பை வளர்த்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. 1854 டிசம்பர் இறுதியில் 'ஒரேலி' என்னும் கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரைக் கரை சேர்த்தது. 1889 வரை சென்றவர் 42,000-க்கும் அதிகம், தமிழரே பெரும்பான்மையோர். ஐந்தாண்டு ஒப்பந்தம், பின் தாயகம் திரும்பக் கப்பல் வசதி என்பது பேச்சு. திரும்பியவர் சிலரே.

தங்கியோரின் பிள்ளைகள் எந்நாட்டவர்? பிரிட்டிஷ் பிரஜைகளின் மக்கள் என்று கூறி, அவர்களுக்கு வாக்குரிமை மறுத்தது காலனி நிர்வாகம். கபெஸ்தேர் ஊரில், இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் இதனை ஏற்கவில்லை. 1904-இல் வாக்காளர் பட்டியலைத் திருத்தும் பணியில் இருந்த அவர், தம்மவரின் பிள்ளைகளுடைய பெயர்களையும் அதில் சேர்த்தார். நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. கோப்புகளோடு காலந்தள்ளும் நாம் ஒரு கோப்பின் ஆயுளை அறிவோம். ஆயினும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பட்டியலுக்காக மனந்தளராது நின்றவரைக் கண்டதில்லை. 1923-இல் பாரிஸ் அரசு இணங்கியது. உரிமை கிடைத்ததைக் கண்ணாரக் கண்ட சிதம்பரம் 1952-இல் மறைந்தார்.

1946-இல் காலனி மாவட்டமாயிற்று. 2003-இல் ஆட்சி அமைப்பை மாற்றலாமா என்று மக்களைக் கேட்டபோது பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர்.

தமிழ் மொழி அங்கே பேச்சில் நிற்கவில்லை. கிரியோலும் பிரெஞ்சுமே வீட்டு மொழிகள். மாரியம்மன் 'மாலியெமென்' ஆகி வழிபாடு பெறுகிறாள். தந்தை பெயர் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பத் திண்டாடும் மும்பைத் தமிழருக்கு இது விளங்கும். இராமசாமி, வீரப்பன், முத்துசாமி எனப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அவை வாழ்கின்றன. 1981-இல் பிரெஞ்சுத் தேசியப் பேரவைக்குக் குவாதலூப் தேர்ந்தனுப்பிய உறுப்பினருள் ஒருவர் எர்னஸ்ட் முத்துசாமி.