கைவிட்ட பறையும் மூடப்பட்ட மன்றமும்

ஊரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் ஆகிய பெயர்களைத் தமிழ் வாசகர் பெரும்பாலும் தங்கத்தோடு சேர்த்தே அறிவர். பறையிசையின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர்க்கும் இப்பெயர்கள் தேவைப்படும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கியூபா வரை சென்று திரும்பும் நீண்ட பதிவு இது. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

பறையின் மீட்டெடுப்பைப் பற்றி இன்று வழங்கும் கதை இரண்டு அத்தியாயங்களே கொண்டது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தது. பின்னர் சாதி அதை இழிவுபடுத்திச் சாவுக்கருவியாக ஒதுக்கியது. இது முதல் அத்தியாயம். இன்று இளைஞர் அதைத் தமிழரின் ஆதி இசையாகக் கையில் ஏந்துகின்றனர் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே இருந்த ஓர் அத்தியாயம் விடுபட்டுப் போயிருக்கிறது. பறையை அடித்தவர்களே, நன்கு தெரிந்து, சில இடங்களில் உயிரைப் பணயம் வைத்து, அதைக் கீழே வைத்த காலம் அது. அந்த அத்தியாயத்தின் முக்கியமான பக்கங்கள் சில கோலார் தங்கவயலில் எழுதப்பட்டவை.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்க நிர்வாகத்தைக் கையில் எடுத்தபின், மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என நான்கு பெருஞ்சுரங்கங்கள் வளர்ந்தன. (இங்கிலாந்தின் கம்பெனிச் சட்டம் பயில்வோர்க்கு ஊரிகம் இன்றும் 1892இன் புகழ்பெற்ற பங்கு வழக்கு ஒன்றின் பெயர், அது எங்கேயுள்ள ஊர் என்று அவர்கள் கேட்பதில்லை.) வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளருள் பெரும்பகுதியினர் ஆதிதிராவிடர். விட்டுவந்த ஊரில் அவர்களுள் பலருடைய குடும்பங்களுக்குப் பறை என்பது கடமை. சாவுச்செய்தி சொல்ல, பிணத்தின்முன் நடக்க, ஊர்க்கட்டளையை அறிவிக்க அழைப்பு வரும்; மறுக்க இயலாது. கூலி களத்துமேட்டில் அளக்கப்படும் தானியம். சுரங்கத்திலோ கூலி காசாகக் கிடைத்தது.

சுரங்க வாழ்வை நான் புகழவில்லை. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய குழிகளில் பாறை வெடித்துச் சிதறிச் செத்தவர்களும், கல்தூசி நுரையீரலை அரிக்க மெல்லச் செத்தவர்களும் அநேகர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. அதன் ஒளி கூலி லைன் வீடுகளுக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததே அவர்கள் எப்படி நடத்தப்பட்டனர் என்பதைச் சொல்லும். ஆயினும் நள்ளிரவில் ஆண்டை வீட்டுச் சாவுக்கு வந்து அடி என்று அழைக்க அங்கே எவரும் இல்லை. அந்த இல்லாமையின் மதிப்பை, அழைக்கப்பட்டவர்களே அறிவர்.

இதே மண்ணில்தான் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேர்பிடித்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயல் பெரும் ஆதரவுத் தளமாயிற்று. மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இயங்கியது. 1914இல் பண்டிதர் மறைந்தபின் அவருடைய நூல்களை அச்சில் நிலைக்கச் செய்தது சாம்பியன் ரீஃபின் சித்தார்த்தா புத்தகசாலை. 1926 முதல் 'தமிழன்' இதழ் ஜி. அப்பாதுரையார் முயற்சியில் அங்கிருந்தே வெளிவந்தது. பறையர் என்னும் பெயரையே தம்மீது சுமத்தப்பட்ட இழிபெயர் என மறுத்து, தம் மக்களைப் பூர்வத் தமிழர், சாதிபேதமற்றவர் என்று குறித்தவர் அயோத்திதாசர். பெயரை மறுத்த ஓர் இயக்கம், அப்பெயரைத் தாங்கிய கருவியைத் தோளில் சுமந்திருக்கும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. இரவுப் பள்ளியும் அச்சகமும் வாசகசாலையும்தான் அவ்வியக்கத்தின் ஓசைகள்.

இப்போக்கு தங்கவயலோடு நிற்கவில்லை. 1927இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டிறைச்சியையும் எச்சிற்சோற்றையும் விடுமாறு மகர்களிடம் அம்பேத்கர் சொன்னார். தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் கட்டாயப் பறையடிப்புக்கு எதிராக இயக்கம் நடத்தினார். அடிக்க மறுத்த சேரிகள் ஊர்விலக்கையும் தாக்குதலையும் சந்தித்தன. பறையைக் கைவிட்டது கலைமேல் அன்பின்மையால் நிகழ்ந்தது என்று எழுதுவோர் இவற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிக் கியூபா. மீட்டெடுக்கப்பட்ட இசைக்கு உலகமே எடுத்துக்காட்டாகக் கூறுவது அந்நாட்டின் 'சோன்' என்னும் ஆடலிசையை. கியூபாவின் கிழக்கு மலைப்பகுதிகளில் ஆப்பிரிக்கத் தாளமும் ஸ்பானியப் பாட்டும் கலந்து உருவாகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகர் ஹவானாவை அடைந்த இசை அது. மூன்று இரட்டைத் தந்திகள் கொண்ட 'திரேஸ்', தட்டுக்கோலான 'கிளாவே', மடியில் இடுக்கி விரலால் அடிக்கும் இணைமுழவான 'பொங்கோ' ஆகியவை அதன் உயிர். தோல்கருவியின் ஓசை கறுப்பரின் ஓசை என்பதால் மேட்டுக்குடி முகஞ்சுளித்தது. காவலரின் கெடுபிடியும் இருந்தது. இசைத்தட்டுகள் விற்கத் தொடங்கியபின் அதே மேட்டுக்குடியின் மண்டபங்களிலும் சோன் ஒலித்தது. மண்டபங்கள் மட்டும் தோல்நிறப்படி பிரிந்தே இருந்தன. வெள்ளையர் மன்றத்தில் கறுப்பர்க்கு உறுப்பினர் உரிமை இல்லை. ஆகவே கறுப்பர் தமக்கென மன்றங்கள் அமைத்தனர். ஹவானாவின் மரியனாவோ பகுதியிலிருந்த புவேனா விஸ்டா மன்றம் அத்தகையது. (தங்கவயல் வாசகர்க்கு இது விளங்கச் சிரமமிராது. நடன மண்டபமும் கோல்ஃப் திடலும் கொண்ட ஐரோப்பியர் கிளப் ஒருபுறம், கூலி லைன்கள் மறுபுறம் என்பதுதானே அங்கும் அமைப்பு.)

1959 புரட்சிக்குப்பின் நிறவாரி மன்றங்கள் மூடப்பட்டன. காரணம் நியாயமானது: சமத்துவ நாட்டில் வெள்ளையர் மன்றம் கூடாதெனில் கறுப்பர் மன்றமும் வேண்டியதில்லை. ஆனால் மன்றம் மூடப்பட்டபோது அதன் ஆடுதளமும் போயிற்று. சனிக்கிழமை இரவுகளில் அங்கே வாசித்துப் பிழைத்தவர்களின் பிழைப்பும் போயிற்று. சுற்றுலாவும் சூதாட்ட விடுதிகளும் ஒழிந்ததும், இளைய தலைமுறை புதிய இசைக்குப் போனதும் மீதியைச் செய்தன. பாடகர் இப்ராகிம் ஃபெரேர் பிற்காலத்தில் காலணிக்கு மெருகேற்றிச் சம்பாதித்தார். ரூபன் கொன்சாலெஸ் என்னும் பெரும் பியானோக் கலைஞரின் வீட்டில் பியானோ இல்லை.

1996 மார்ச்சில் பிரிட்டனின் வேர்ல்டு சர்க்கிட் நிறுவனத்தார், மாலி நாட்டுக் கிதார்க் கலைஞரையும் கியூபர்களையும் சேர்த்து ஓர் இசைத்தொகுப்புப் பதிவுசெய்ய ஹவானா சென்றனர். மாலியர் வந்துசேர இயலவில்லை. கையில் இருந்த நாட்களைக் கொண்டு, முதிய சோன் கலைஞரைக் கூட்டிப் பதிவு நடந்தது. அப்போது கொம்பாய் செகுந்தோவுக்கு வயது 88. 1997இல் வெளியான அத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. 1999இல் விம் வெண்டர்ஸ் ஆவணப்படம் எடுத்தார். அமெரிக்கக் கிதார்க் கலைஞர் ரை கூடர் கண்டெடுத்த புதையல் என்றே உலகம் அதைப் பேசியது.

முதியவர்களை வீடு வீடாகத் தேடி அழைத்து வந்தவர் ஹுவான் தெ மார்க்கோஸ் கொன்சாலெஸ் என்னும் கியூபர். அவர் உறுப்பினராயிருந்த சியரா மயெஸ்த்ரா குழு, 1976 முதலே மாணவர் குழுவாகப் பழைய சோன் இசையை வாசித்து வந்தது. வெளியார் வந்து கண்டெடுப்பதற்கு இருபது ஆண்டு முன்பே உள்ளூரார் மீட்கத் தொடங்கிவிட்டனர்.

பறைக்கும் அப்படியே. திரைப்படத்திலும் நகர மேடையிலும் பறை மதிப்புப் பெறுவதற்கு வெகுமுன்னர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்னும் 'பரட்டை', வழிபாட்டுக்குள் நாட்டார் இசையைக் கொண்டுவந்தார். தேவாலயத்துக்குள் பறையா என்று கேட்ட கிறித்தவரும் இருந்தனர். கே.ஏ. குணசேகரன் தம் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். தொண்ணூறுகளில் மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் சகோதரி சந்திரா இளம்பெண்களுக்குப் பறை பயிற்றுவித்தார்; ஆண்கள் மட்டுமே அடித்த கருவியைப் பெண்கள் இடுப்பில் கட்டி ஆடியது வெறும் மீட்டெடுப்பு அன்று, முன்பு இல்லாத ஒன்று. அலங்காநல்லூர் வேலு ஆசான் பத்துப்பதினைந்து தாளக்கட்டோடு நில்லாமல், அடவுகளை முறைப்படுத்தித் தலைமுறைகளுக்குக் கற்பித்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இவர்களுள் பலர் நடு அத்தியாயத்தை மறந்தவர்கள் அல்லர். சாவுக்கு அடிக்க மாட்டோம், மேடையில் அடிப்போம் என்பது அவர்கள் வகுத்த எல்லை. கட்டாயம் நீங்கினால் கருவியில் இழிவு இல்லை என்பது அதன் உட்பொருள். 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக் இசையோடு சேர்த்தது. அதன் பெயர் அயோத்திதாசரின் சாதிபேதமற்றவர் என்ற சொல்லிலிருந்து வந்தது. அச்சொல்லைத் தாங்கிய நூல்களை அச்சிட்டு வைத்திருந்த ஊருக்கு, 2023 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தின் 'மார்கழியில் மக்களிசை' வந்தது. பறையை விட்டு வந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் அங்கே அதற்கு ஆடினர். கொள்ளுப்பாட்டனின் கைவிடலையும் பேரனின் கையேந்தலையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு என்று நினைக்கிறேன். முன்னவர் மறுத்திராவிடில் பின்னவருக்கு அது விருப்பமாக வாய்த்திருக்காது.

எனக்குள்ள கவலை வேறிடத்தில். வெண்டர்ஸ் படம் பார்த்தவர்க்கு அழகிய பழைய ஹவானா நினைவில் நிற்கும். புவேனா விஸ்டா மன்றம் ஏன் தனியாக இருக்க நேர்ந்தது என்பது நில்லாது. தொல்காப்பியத்திலிருந்து நேரே கல்லூரி விழாவுக்குத் தாவும் பறைப் பெருமிதமும் அத்தகையதே. வெளிநாட்டுத் தமிழ்ச்சங்க மேடைகளில் பறை 'தமிழர் பறை' ஆகிறது. அது எந்தத் தமிழர் என்ற கேள்வி எழுவதில்லை. அதே நேரத்தில், சிற்றூர்களில் சாவுக்கு அடித்தே தீர வேண்டியவர் இன்னும் இருக்கின்றனர். மேடைக் கலைஞருக்கு வரும் பொன்னாடை அவருடைய தெருவுக்கு வருவதில்லை.

கருவியும் மாறிவருகிறது. பழைய பறையில், வேப்பமரத் துண்டுகள் மூன்றை இணைத்த வளையத்தில், கன்றின் தோல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வாசிக்குமுன் வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். இன்று இரும்பு வளையத்தில் செயற்கைத்தோல் பூட்டிய பறை பரவலாகக் கிடைக்கிறது. மழைக்கு அஞ்சாது, தீ வேண்டாம், பேருந்தில் எளிதாக எடுத்துச் செல்லலாம். வசதியை நான் குறை சொல்லவில்லை. பயிலும் மாணவருக்கு அது பெரிய உதவி. ஆனால் மாட்டுத்தோலைத் தொட்டதற்காகவே ஒரு மக்கள்கூட்டம் தீண்டப்படாததாக்கப்பட்டது. தோலே இல்லாத பறையை எவரும் தயக்கமின்றித் தொடலாம். அவ்வாறு தொடுவோர், தோலை உரித்துப் பதப்படுத்திக் கட்டியவரின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்களா என்பதையும் பறையைப் பற்றிய ஆய்வு கேட்டாக வேண்டும். கள ஆய்வின் வினாப்பட்டியலில் இவ்வினாவை நான் சேர்த்திருக்கிறேன்.