தண்ணியில்லாக் காடும் நம் மண்ணின் கதையும்



வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ஊர் நிலத்தை விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறார்கள். "பாலைவனம் மாதிரி கிடக்கு சார், அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?" என்கிறார்கள். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

அரசு ஊழியர்களை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார்கள். அந்தக் காடு நம் இராமநாதபுரம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. உண்மையான பாலைவனமான ஜெய்சல்மரில் 200 மி.மீ. கூடக் கிடையாது. நமக்குப் பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதைப் பிடித்துவைக்கக் கண்மாயும் வேண்டும், மண்ணும் வேண்டும். இரண்டும் கெட்டதால்தான் இந்தப் பெயர்.

கண்மாயை நம் முன்னோர் நன்றாகவே அமைத்தார்கள். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஊரே சொல்லும் இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் அதற்குச் சாட்சி. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று 1789இல் ஆள் அனுப்பிப் பார்த்தவர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. அணை கட்டி முடிந்தது 1895இல்தான்.

கண்மாய் தந்தது தண்ணீர் மட்டுமல்ல. கோடையில் தண்ணீர் வற்றியதும் வண்டலை வெட்டி, வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவார்கள். கண்மாய் ஆழமாகும், வயல் கொழுக்கும். ஒரே வேலையில் இரண்டு பலன். இந்தக் குடிமராமத்து வழக்கம் தளர்ந்து போனதால் 1858இல் மதராஸ் மாகாணத்தில் அதற்கென்று சட்டமே போட வேண்டி வந்தது. வழக்கமாக இருந்தது சட்டமாகிறது என்றால், அது கைவிட்டுப் போகிறது என்றுதான் பொருள்.

அடுத்தது எரு. "ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்" என்பார்கள். ஆட்டுக்கிடை போட்டால் அந்த விளைச்சலிலேயே பலன் தெரியும். நம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறார்கள். மேய்ச்சலும் கூலியும் அங்கேதான் இருக்கிறது. இப்படியாக நம் ஊர் ஆட்டின் புழுக்கை காவிரி மண்ணுக்கு உரமாகிறது!

மாட்டுச்சாணம் என்ன ஆனது? அதற்கு ஒரு வெள்ளைக்காரரின் கதை இருக்கிறது. 1889இல் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியல் அறிஞர் இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றினார். 1893இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. இந்திய விவசாயி சாணத்தை வரட்டியாக்கி எரிப்பது அறியாமையால் அல்ல, விறகு இல்லாததால்தான் என்று அதில் சொன்னார். விறகுக்கு மரம் வளர்த்துக் கொடுங்கள், சாணம் தானாக வயலுக்குப் போகும் என்பது அவர் யோசனை.

விறகுக்கு ஒரு மரம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. 1870களின் கடைசியில் மதராஸ் மாகாண வனத்துறை கடப்பைப் பகுதியில் விதைத்த சீமைக் கருவேலம்தான் அது. விடுதலைக்குப் பிறகும் வேலிக்காகவும் விறகுக்காகவும் வறண்ட மாவட்டங்களில் அதைப் பரப்பினார்கள். நம் ஊரில் அது வேலியைத் தாண்டி வயலுக்குள் வந்தது, கண்மாய்க்குள்ளும் இறங்கியது. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. என்னிடம் படித்த பல பிள்ளைகளின் நோட்டும் சீருடையும் கரிமூட்டத்துக் காசில் வந்தவை. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மரம்தான் அடுப்பெரித்தது. அதனால் அதை வெறுமனே சபிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அது நிற்கும் இடத்தில் நெல் நிற்காது.

இன்று வீட்டுக்கு வீடு எரிவாயு உருளை இருக்கிறது. வோல்க்கர் கண்ட விறகுப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. ஆனால் சாணம் போட மாடு இல்லை!

சரி, இந்த மண்ணைத் திருப்ப முடியுமா? முடியும். 2007 வாக்கில் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கிய விவசாயிகள் கமுதிக்குப் பக்கத்தில் வல்லந்தையில், நம்மவர்கள் வேண்டாமென்று விட்ட தரிசை வாங்கினார்கள். கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு மா, கொய்யா, நெல்லி என்று தோட்டம் போட்டார்கள். அது நம் மண்தானே?

உப்பு மண்ணுக்கும் வழி உண்டு. 2004 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் பக்கம் வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, நம்மாழ்வார் ஐயாவும் தோழர்களும் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழச் சொன்னார்கள். தக்கைப்பூண்டு உப்பைத் தாங்கி வளரும். பூ எடுக்கும் பருவத்தில், அதாவது 45, 50 நாளில், மடக்கி உழுதால் மண்ணில் மட்கும். மட்கும்போது உண்டாகும் அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடும். அது சோடிய உப்பை இடம்பெயர்க்கும். பெய்யும் மழை அந்த உப்பைக் கீழே இறக்கிவிடும். தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

மண்டபம், இராமேசுவரம் பக்கத்து மணலுக்குக் குறை வேறு. ஊற்றிய தண்ணீர் நிற்காது. அங்கே மட்கிய எருவும் கண்மாய் வண்டலும்தான் மருந்து. மேலே தழையோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டால் வெயில் தண்ணீரை உறிஞ்சுவது குறையும், அடியிலுள்ள உப்பு மேலேறுவதும் குறையும்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நமக்கு இருப்பது ஒரே மழைக்காலம். அதில் தக்கைப்பூண்டு விதைத்தால் அந்த ஆண்டு நெல் கிடையாது. அன்றாடம் கூலிக்குப் போகும் ஒரு சம்சாரிக்கு அது பெரிய இழப்பு. மாதச் சம்பளம் வாங்கும் உங்களால் அந்த ஓராண்டைத் தாங்க முடியும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். விற்கும் முடிவை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். களரா, உவரா என்று தெரிந்தால்தான் வைத்தியம். இராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முழு நிலமும் வேண்டாம், ஒரு ஏக்கரில் மட்டும் கருவேலத்தைத் தூரோடு எடுங்கள். ஆடு வைத்திருப்பவரிடம் பேசிக் கிடை போடச் சொல்லுங்கள். முறைப்படி அனுமதி வாங்கி வண்டல் அடியுங்கள். மறு ஆண்டு ஆவணி, புரட்டாசியில் சித்திரைக்கார், குழியடிச்சான் மாதிரி நம் மண்ணுக்குப் பழகிய நெல்லைப் புழுதியில் விதையுங்கள். முண்டு மிளகாய் போடுகிறீர்களா? அதற்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

ஓராண்டு பார்த்த பிறகும் விற்கத்தான் வேண்டுமென்றால் விற்றுக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

ஊரில் யாருக்காவது பழைய கண்மாய்களின் மடைப் பெயர்கள் ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், எழுதி வைத்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்