பாணின் வயது

மட்டக்களப்புக்குக் கிழக்கே கடலடியில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. சுழியோடிகள் அதைப் பார்ப்பதற்கென்றே தூர தேசங்களிலிருந்து வருகிறார்கள். அதே ஆண்டு விட்டுப்போன இன்னொன்றைப் பார்க்க யாரும் நீருக்குள் இறங்க வேண்டியதில்லை. வாழைச்சேனையில் தொடங்கி ஏறாவூர், மட்டக்களப்பு நகர், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கரையோர வீதியில் விடியப்புறம் ஒருமுறை போனால் போதும். ஊருக்கு ஊர் போறணைச் சூடு, கண்ணாடிப் பெட்டிக்குள் அச்சுப்பாண், றோஸ் பாண், சீனி தூவிய பணிஸ். வாவியில் உண்மையான முதலைகள் கிடக்க, அவற்றின் சிங்களப் பெயரைத் தாங்கிய 'கிம்புலா பணிஸ்' இங்கே பிளேன்டீயோடு போகிறது. இந்தப் பாண் எப்போது வந்தது என்று கேட்டால் பலரும் தயங்காமல் சொல்லும் பதில், போர்த்துக்கேயர் காலம் என்பது. சொல்லைப் பொறுத்தவரை அது சரி. சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடும் பண்டம் என்ற வகையில், வாவிக்கரைப் பாணுக்கு அந்தக் கப்பல் மூழ்கிய காலத்து வயதுதான் என்பது என் வாதம்.

சொல்லின் சாட்சியம் வலுவானது போலத் தெரியும். பாண், விசுக்கோத்து, போறணை என்று பேக்கரிச் சொற்களில் முக்கியமானவை போர்த்துக்கேயம் தந்தவை. மேசை, கதிரை, அலமாரி, சாவி வந்த வழியிலேயே இவையும் வந்தன. ஆனால் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது 1628இல். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பறித்தது 1638இல். பத்தே ஆண்டுகள். புளியந்தீவில் ஒரு கோட்டைக்குள் அடைந்து கிடந்த சிறு படை, பத்து ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் காலைச் சாப்பாட்டை மாற்றியிருக்க முடியாது. சொற்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நிலைபெற்று இலங்கைத் தமிழ் முழுவதும் பரவின. பரவுவதற்கு அவற்றுக்குக் கோதுமை மூட்டை தேவைப்படவில்லை. பாணுக்குத் தேவைப்பட்டது. இந்த வெக்கையில் கோதுமை விளையாது. ஒரு பிடி மாவும் கப்பலில் வந்தாக வேண்டும்.

பெயரும் பண்டமும் தனித்தனியே பயணம் செய்யும் என்பதற்கு இதே வீதியின் இனிப்புகளே ஆதாரம். கொக்கிஸ் ஒல்லாந்தர் சொல். அதன் உடம்போ அரிசிமாவும் தேங்காய்ப்பாலும். தொதல் மலாய்க்காரரின் பெயர். சட்டியில் கிண்டப்படுவது அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி. அந்நியப் பெயர் வந்து உள்ளூர் விளைச்சலில் குடியேறியிருக்கிறது. மஸ்கட் இதற்கு மறுபக்கம். அரபுத் துறைமுகம் ஒன்றின் பெயரோடு, கோதுமை மாவைப் பிசைந்து கரைத்தெடுத்த பாலைச் சீனியோடு காய்ச்சி உறைய வைக்கும் பண்டம் அது. மா வராவிட்டால் மஸ்கட்டும் இல்லை. காத்தான்குடிக் கடைகளில் தொதலும் மஸ்கட்டும் ஒரே தட்டில் கிடக்கும். ஒன்று வட்டையில் விளைந்ததை நம்பி இருக்கிறது, மற்றது துறைமுகத்தை. பெயரை மட்டும் வைத்து வயது கணிப்பவருக்கு இரண்டும் 'வந்த' பண்டங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயப் பறங்கியர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களில் மூத்தோர் வாயில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் முற்றாக அடங்கிவிடவில்லை. மொழியையே காத்து வைத்தவர்கள் போறணையைக் காத்திருக்க மாட்டார்களா? காத்திருப்பார்கள், பண்டிகைக்கு. நத்தார் கேக்கும் கலியாண கேக்கும் அந்த வீடுகளின் பெருமை. ஆனால் இவர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இவர்கள் 'மெக்கானிக்'குகள், அதாவது கைவினைத் தொழிலாளர்கள். தச்சு, கொல்லு, தையல் என்பவையே ஊர் அவர்களிடம் தேடிப்போன தொழில்கள். வருடத்துக்கு இரண்டு முறை சூடேறும் அடுப்பை, தினமும் ஊருக்கு உணவு கொடுக்கும் போறணையோடு குழப்பக்கூடாது. பொங்க வைக்கும் வித்தையோ இங்கே புதிதும் அல்ல. அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பது இந்தக் கரையறிந்த கைப்பழக்கம். திறமை இருந்தது, மா இல்லை.

மாவைக் கொண்டுவந்தது யுத்தம். அதற்கு முன் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி இறக்குமதி, அதிலும் பர்மாவே பிரதானம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதம் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது, ஹெர்மிஸ் மூழ்கியது. அரிசிக் கப்பல் நின்றுபோன நாட்டில் அரிசி பங்கீட்டுக்கு வந்தது; துண்டுவிழுந்த இடத்தை நேச நாடுகளின் கோதுமை மா நிரப்பியது. 'கூப்பன்' என்ற சொல் அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்த காலமும் இதுவே. மக்கள் மாவை விரும்பி வாங்கவில்லை. அரிசி போதாமல் வாங்கினார்கள். வீட்டில் அதை ரொட்டி சுடலாம், அரிசிமாவோடு கலந்து பிட்டவிக்கலாம். பாண் போட மட்டும் வீட்டடுப்பு உதவாது. அங்கேதான் போறணை வைத்தவருக்குத் தினசரி வாடிக்கை பிறந்தது. ஒரு பண்டம் வழக்கமாவதற்கு ஆசை போதாது, வேறு வழியில்லாத சில வருடங்கள் வேண்டும். அந்த வருடங்களை 1942 கொடுத்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பர்மா அரிசி இல்லாமல் கொழும்பு தவித்திருக்கலாம், நெல் விளையும் மட்டக்களப்பு ஏன் தவிக்க வேண்டும்? விடை வாவியின் இரண்டு கரைகளில் இருக்கிறது. மேற்கே படுவான்கரை, வயலும் பட்டியும் அங்கே. கிழக்கே எழுவான்கரை; கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் ஊர்மேல் ஊராக நெருங்கிய குடியிருப்பு. எழுவான்கரையில் இருந்துகொண்டு படுவான்கரையில் வயல் வைத்திருந்த போடியார்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பட்டறையில் நெல் இருந்தது. கரைவலை இழுத்தவருக்கும், தறி போட்டவருக்கும், தச்சருக்கும், கச்சேரி எழுதுவினைஞருக்கும் அது இல்லை. அவர்கள் அரிசியை வாங்கித் தின்றவர்கள். போதாக்குறைக்கு, விவசாயியிடமிருந்து நெல்லை அரசே கட்டாயமாகக் கொள்முதல் செய்யும் திட்டமும் யுத்த காலத்தில் வந்தது. விளையும் மாவட்டம் என்பதும் உண்ணும் மாவட்டம் என்பதும் ஒன்றல்ல. 1970களில் இதே கதை இன்னொரு வடிவில் நடந்தது: அளவுக்கு மேல் அரிசியைக் கொண்டுதிரியத் தடை, உலகச் சந்தையில் கோதுமை விலையேற்றம், இருளோடு எழுந்து பாணுக்கு வரிசை. அந்த வரிசையை நினைவில் வைத்திருப்பவர்கள் 1977இல் யாருக்கு, ஏன் வாக்களித்தோம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

ஆகவே பேக்கரிகள் எழுவான்கரை வீதியில் கோர்த்தாற்போல் இருப்பதும் படுவான்கரையில் அருகி இருப்பதும் தற்செயல் அல்ல. போறணைக்கு விறகு வேண்டும், மாமூட்டை இறங்க லொறி வரும் பாதை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக விடியற்காலையில் கையில் சில்லறையோடு நிற்கும் ஆட்கள் வேண்டும். 1928இல் வந்த புகையிரதமும், அதே பத்தாண்டில் எழுந்த கல்லடிப் பாலமும் இவற்றை எழுவான்கரைக்குக் கொடுத்தன. படுவான்கரை நீண்டகாலம் தோணியையும் துறையையும் நம்பியிருந்தது. பிறகு உள்நாட்டு யுத்த காலத்தில் 2007 வரை அது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி, எழுவான்கரை இராணுவத்தினது. வவுணதீவுச் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொருள் கொண்டுபோவது எத்தனை பாடு என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். புலிகளின் ஆளுகையில் பேக்கரிக்கு 'வெதுப்பகம்' என்று தூய தமிழ்ப் பெயர்ப்பலகை ஏறியது. நல்ல சொல்தான். ஆனாலும் வெதுப்பகத்துக்குப் போய் எல்லோரும் கேட்டது 'ஒரு இறாத்தல் பாண்'. அந்த மூன்று சொற்களில் இறாத்தல் அரபி, பாண் போர்த்துக்கேயம். 'ஒரு' மட்டும் நம்முடையது.

தமிழ், முஸ்லிம் உறவைச் சொல்ல மட்டக்களப்பில் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்பார்கள். குழலுக்குள் மாறிமாறி அடுக்கப்படும் இரண்டும் போல, ஊருக்கு ஊர் மாறிமாறி அமைந்த வாழ்க்கை. அழகான உவமை, ஆனால் மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது. வயலுக்குத் தண்ணீரும் ஆட்களும் பங்குபோட்ட பழைய உழவு உறவிலிருந்து வந்த உவமை அது. வீதி உறவுக்குப் பாண்தான் பொருந்தும். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பின் ஒருவர் ஊருக்கு மற்றவர் போகவே அஞ்சிய நாட்கள் இருந்தன. பயம் தணிந்தபோது, கலியாண வீட்டு அழைப்பு திரும்புவதற்கு வெகுமுன்பே விற்பனை திரும்பியது. கொத்துரொட்டி கிழக்கு முஸ்லிம் கடைகளில் பிறந்தது என்ற பேச்சு பரவலானது. பிறப்புச் சான்றிதழ் எப்படியிருந்தாலும், அந்தத் தகரத் தாளத்துக்கு அடியில் கிடப்பதும் அதே கோதுமை மா ரொட்டிதான்.

இன்று அந்த மாவின் பெரும்பகுதி பக்கத்து மாவட்டத்திலிருந்து வருகிறது. திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிமா ஆலைக்கான ஒப்பந்தம் 1977இல். 1980இலிருந்து அது இயங்குகிறது. ஆலை இங்கே, தானியம் மட்டும் கடல் கடந்து. இதைக் காட்டித்தான் கடைசி மறுப்பு வரும்: இது அடிமைத்தனம், வாவிக்கரை தன் அரிசிக்குத் திரும்ப வேண்டும், 2022 அதை நிரூபித்தது என்று. அந்த வருடம் டொலர் தீர்ந்தபோது மா விலை எகிறியதும் எரிவாயு இல்லாமல் பேக்கரிகள் மூடிக் கிடந்ததும் உண்மை. ஆனால் அதற்கு முந்திய வருடம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது படுவான்கரை வயல்களும் அடிவாங்கின. நம் மண் நெல்லும் கப்பலில் வரும் உரத்தை நம்பித்தான் கதிர் விட்டுக்கொண்டிருந்தது. இறக்குமதியை நம்பியிருப்பது பாணின் குற்றம் என்றால் சோறும் அதே கூண்டில் நிற்க வேண்டும். அரிசிமாவில் பாண் போடலாம் என்ற யோசனையும் அப்போது கேட்டது. கோதுமையின் பசைத்தன்மை அரிசிக்கு இல்லை, காற்றைப் பிடித்து வைக்காது, போறணைக்குள் எழும்பாது. அரிசிக்கு அப்பமும் பிட்டும் இருக்கின்றன, அதைப் பாணாக நடிக்கச் சொல்வதில் அர்த்தமில்லை.

மண்ணின் பண்டம் என்று ஐயமில்லாமல் சொல்லத்தக்கது எருமைத் தயிர். மேய்ச்சல் படுவான்கரையினது, சட்டி குயவருடையது. ஆனால் அது 'மட்டக்களப்புத் தயிர்' என்று பெயரெடுத்ததற்கு மேய்ச்சல் தரை மட்டும் காரணமில்லை. உதயதேவிப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போனவர் கையில் கயிறு கட்டிய சட்டியும் போனது. பொலன்னறுவை வீதியோரத்தில் பேருந்து நின்ற இடமெல்லாம் சட்டிகள் அடுக்கப்பட்டன. பட்டியில் இருந்தவரை அது வெறும் தயிர். வழி கிடைத்ததும் ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அதன் ஆபத்தும் நிலத்திலிருந்து வருகிறது: மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகள் அபகரிக்கப்படுவதை எதிர்த்து 2023 செப்டம்பரில் பட்டிக்காரர் போராட்டத்தில் இறங்கினார்கள்.

2014இல் மண்முனைத் துறையில் பாலம் திறந்து, அங்கே படகுப்பாதைக்குக் காத்திருந்த காலம் முடிந்தது. பேத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' இசையை ஒலிபெருக்கியில் இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரியும் பாண் முச்சக்கரவண்டிக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக இப்போது துறையில் காத்திருக்க வேண்டியதில்லை. தயிர்ச்சட்டி எதிர்த்திசையில் அதே பாலத்தால் வருகிறது.